உலோக மில்லிங் இயந்திரத்தில் மரவேலை: தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

சிறிய பட்டறையில், சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவி வடிவமைக்கும் மில்லிங் இயந்திரம் வைத்திருப்பவருக்கு, அதன் மேசையில் ஒரு மரத்துண்டைக் கட்டி வெட்டிப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் என்றைக்காவது ஒருநாள் வந்தே தீரும். யாரிடமாவது கேட்டால் இரண்டு விதமான மறுப்புகள் கிடைக்கும். தச்சு வேலை தெரிந்தவர், அந்த இயந்திரம் சுழலும் வேகம் மரத்துக்குப் போதாது என்பார். இயந்திரத்தைப் பராமரிப்பவர், மரத்தூள் எண்ணெயில் ஒட்டினால் மேசை நாசமாகிவிடும் என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, இரண்டையும் சமாளிக்க வழியும் இருக்கிறது. ஆனால் அந்த வழிகளைப் பேசுவதற்கு முன்னால், இந்த இயந்திரத்திடம் மரவேலைக்காக எதைக் கேட்பது, எதைக் கேட்கக்கூடாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வேகமாக வெட்டுவதில் இது, தச்சர்கள் கையில் பிடித்து மரத்தில் காடியும் உருவமும் வெட்டும் சாதாரண கை ரவுட்டரிடம் தோற்றுவிடும். கட்டரை இன்ன இடத்தில், இன்ன ஆழத்தில், இன்ன கோணத்தில் கொண்டுபோய் நிறுத்தி அசையாமல் பிடித்துக்கொள்வதில் தச்சுப் பட்டறையின் எந்தக் கருவியும் இதற்கு ஈடாகாது. ஆகவே இடம் துல்லியமாக அமைய வேண்டிய வேலைகளுக்கே இதை நாட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

இங்கே பேசுவது கையால் இயக்கும் செங்குத்து மில்லிங் இயந்திரத்தைப் பற்றி. நம் ஊர் டூல் ரூம்களில் எம்1டிஆர் என்று சொல்லப்படும் வகையும், அதற்கு முன்னோடியான அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் இயந்திரமும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. மேசை இடம் வலமாகவும் முன்னும் பின்னும் நகரும். அதைத் தாங்கும் அடிப்பகுதி மேலும் கீழும் ஏறி இறங்கும். மேலே இருக்கும் தலைப்பகுதியைச் சாய்த்துக்கொள்ளலாம். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. பிரிட்ஜ்போர்ட் இயந்திரத்தை உருவாக்கி 1938இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள், ஸ்வீடனிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ருடால்ஃப் பேனோ, மாக்னஸ் வால்ஸ்ட்ராம் என்ற இருவர். வார்ப்படத்துக்கான பேட்டர்ன்களும் (உலோகம் ஊற்றும் மணல் பள்ளத்தைப் பதிக்கும் உருவங்கள்) மாதிரிகளும் செய்யும் பட்டறை ஒன்றைத்தான் அவர்கள் அதற்கு முன்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். பேட்டர்ன் வேலை என்பது பெரும்பாலும் மரவேலை. உலகெங்கும் உலோகப் பட்டறைகளின் அடையாளமாகிப்போன இயந்திரத்துக்கு மரத்தோடு இப்படி ஒரு பழைய உறவு இருப்பதை, மரத்துண்டோடு அதன் பக்கம் போகத் தயங்குபவர்களுக்குச் சொல்லி வைக்கலாம்.

வேகம் குறைவு என்ற குற்றச்சாட்டு

பெல்ட்டால் இயங்கும் பழைய பிரிட்ஜ்போர்ட்டின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 2,720 சுற்றுகள். வேகத்தைப் படியில்லாமல் மாற்றிக்கொள்ளும் தலைப்பகுதி கொண்ட பிற்கால இயந்திரங்களில் அது 4,200 வரை போகும். கை ரவுட்டரோ நிமிடத்துக்கு 10,000 முதல் 25,000 சுற்றுகள் வரை சுழலும். இந்த எண்களை வைத்துப் பார்த்தால் தச்சர் சொல்வது முற்றிலும் சரி என்றே தோன்றும்.

ஆனால் கட்டரின் பல் மரத்தைச் சந்திக்கும் வேகம் சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல. கட்டரின் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, அதைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைப்பதே வெட்டும் வேகம். 12 மி.மீ. விட்டமுள்ள கட்டர் 2,700 சுற்றில் ஓடும்போது அதன் பல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகத்தில் வெட்டுகிறது. அதே கட்டர் ரவுட்டரில் 20,000 சுற்றில் ஓடினால் வேகம் 750 மீட்டரைத் தாண்டும். மில்லிங் இயந்திரத்திலேயே 50 மி.மீ. விட்டமுள்ள கட்டரைப் பூட்டினால் 2,700 சுற்றில் 420 மீட்டருக்கு மேல் கிடைத்துவிடும், 75 மி.மீ. என்றால் 630 மீட்டரையும் தாண்டும். மரத்தில் மட்டமான பரப்பு எடுக்கும்போது விட்டம் பெரிய கட்டர் நல்ல முடிவைத் தருவதற்கு இதுதான் காரணம். ஆனால் பெரிய கட்டர் எதுவானாலும் அதைச் செய்தவர் குறித்திருக்கும் உச்ச வேகத்தைத் தாண்டக்கூடாது. ஒற்றை அலகு கொண்ட ஃபிளை கட்டர் எடை ஒருபக்கமாக அமைந்தது என்பதால், அதை உச்ச வேகத்தில் விட்டால் இயந்திரமே அதிரும். அதற்குக் குறைந்த வேகமே பொருந்தும்.

வேகம் குறைந்தால் என்ன கெடுகிறது? மரம் என்பது நீளவாக்கில் ஓடும் நார்களின் தொகுப்பு. வேகமாக வரும் கூர்மையான பல், நார் வளைந்து விலகுவதற்கு முன்பே அதை அறுத்துவிடுகிறது. மெதுவாக வரும் பல், மழுங்கிய அரிவாள் நெல்தாளைச் சாய்த்து இழுப்பதைப் போல, நாரை முதலில் வளைத்துப் பிறகு கிழிக்கிறது. பரப்பில் பஞ்சு போல நார் எழுந்து நிற்பதும், ஓரங்களில் சிராய் பெயர்வதும் இதனால்தான். இயந்திரத்தின் வேகத்தை நம்மால் கூட்ட முடியாது. கட்டரின் கூர்மையைக் கூட்ட முடியும். மெதுவாகப் போகும் இழைப்புளியும் உளியும் கண்ணாடி போன்ற பரப்பைத் தருவது கூர்மையால்தானே தவிர வேகத்தால் அல்ல. இரும்பை வெட்டி ஓய்ந்த எண்டு மில்லை (அடியிலும் பக்கத்திலும் வெட்டும் தண்டு போன்ற கட்டர்) மரத்துக்குப் பயன்படுத்திவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

வேகத்தைப் பற்றிய பேச்சில் பலரும் கவனிக்காமல் விடும் இன்னொரு பக்கம், மரம் நகரும் வேகம். ஒவ்வொரு பல்லும் ஒரு முறைக்கு எவ்வளவு தடிமனான சீவலை எடுக்கிறது என்பதே உண்மையில் முடிவைத் தீர்மானிக்கிறது. மேசை ஒரு நிமிடத்தில் நகரும் தூரத்தை, சுற்றுகளின் எண்ணிக்கையாலும் பற்களின் எண்ணிக்கையாலும் வகுத்தால் அந்த அளவு கிடைக்கும். கைச்சக்கரத்தைச் சீராகச் சுற்றி நிமிடத்துக்கு 300 மி.மீ. நகர்த்துவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பற்கள் கொண்ட கட்டர் 2,700 சுற்றில் ஓடினால், ஒரு பல் எடுக்கும் சீவல் 0.055 மி.மீ. தடிமன் இருக்கும். அது வெட்டுவதற்குப் போதுமான அளவு. இதே மேசை நகர்வோடு கட்டரை 20,000 சுற்றில் ஓட்டினால் சீவலின் தடிமன் 0.0075 மி.மீ. ஆகிவிடும். அப்போது பல் வெட்டாது, தேய்க்கும். மரம் கருகும், கட்டர் சூடேறி மழுங்கும். ரவுட்டரைக் கையில் பிடித்து வேகமாகத் தள்ளுபவருக்கு அதிகச் சுற்றுகள் தேவை. கைச்சக்கரத்தைச் சுற்றுபவருக்கு அவ்வளவு சுற்றுகள் தேவையில்லை, அவை தீமையும்கூட. எனவே, மெதுவாகச் சுழலும் ஸ்பிண்டிலும் (கட்டரைச் சுழற்றும் தண்டு) மெதுவாக நகரும் மேசையும் ஒன்றுக்கொன்று பொருத்தமான இணைதான். தானியங்கி நகர்வுப் பெட்டி பொருத்தியிருந்தால் அதை நிமிடத்துக்கு 500 மி.மீ. அளவில் வைத்து ஓட்டலாம். நடுவில் நின்று யோசிப்பதுதான் ஆகாது. மேசை நின்று கட்டர் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த இடம் கருத்துப்போகும்.

விதிவிலக்கு, மிகச் சிறிய கட்டர்கள். 3 மி.மீ. கட்டர் 2,700 சுற்றில் நிமிடத்துக்கு 25 மீட்டர் மட்டுமே வெட்டும். மரத்தில் வேறு மரத்தைப் பதிக்கும் வேலை, நுண்ணிய எழுத்து செதுக்குவது போன்றவற்றுக்கு இது போதாது. அத்தகைய வேலை அடிக்கடி வருமானால், தலைப்பகுதியின் பக்கத்தில் ஒரு தாங்கி செய்து சிறிய ட்ரிம் ரவுட்டரையோ தனி அதிவேக ஸ்பிண்டிலையோ பூட்டிக்கொள்பவர்கள் உண்டு. மேசையின் துல்லியமும் ரவுட்டரின் வேகமும் அப்போது ஒருசேரக் கிடைக்கும். மேசையை விரைவாக நகர்த்த வேண்டும் என்ற கட்டாயமும் கூடவே வரும்.

எந்தக் கட்டர்

புதிதாகத் தொடங்குபவர் இரண்டு பற்கள் கொண்ட, நடுவிலும் வெட்டக்கூடிய எண்டு மில்லோடு தொடங்குவதே சரி. அலுமினியத்துக்கென்று விற்கப்படும் எண்டு மில் இதற்கு மிகவும் ஏற்றது: பற்களுக்கு நடுவே இடம் அதிகம், வெட்டுமுனை கூர்மையானது, சீவல் வழுக்கிப் போவதற்காகப் பள்ளங்கள் மெருகேற்றப்பட்டவை. இரும்புக்கான நான்கு பல் கட்டரில் பற்களுக்கு இடையே இடம் குறைவு. மரச்சீவல் அங்கே அடைத்துக்கொண்டு வெளியே வராமல் சூடேறும்.

ஹெச்எஸ்எஸ் என்னும் அதிவேக எஃகில் வாங்குவதா, அதைவிடக் கடினமான கார்பைடில் வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. சாணை பிடிக்கும்போது ஹெச்எஸ்எஸ் அதிகக் கூர்மை பெறும், விலையும் குறைவு. குறைந்த வேகத்தில் கூர்மையே எல்லாம் என்று மேலே சொன்னோம். அதனால் மா, வேம்பு, பைன் போன்ற மரங்களுக்கு ஹெச்எஸ்எஸ் போதும். தேக்கு விஷயம் வேறு. தேக்கில் சிலிக்கா இருப்பதால் ஹெச்எஸ்எஸ் முனை சீக்கிரம் மழுங்கும். பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை ஆகியவற்றில் இருக்கும் பசையும் இதையே செய்யும். இவற்றுக்குக் கார்பைடு வாங்குவது வீண் செலவல்ல.

திருகுப் பள்ளம் கொண்ட எண்டு மில்கள் பெரும்பாலும் சீவலை மேல்நோக்கித் தள்ளுபவை. ஆழமான காடி வெட்டும்போது சீவல் வெளியேற இது உதவுகிறது. ஆனால் மேற்பரப்பின் நாரையும் அது மேல்நோக்கித் தூக்குவதால், காடியின் விளிம்பில் பிசிறு எழும். விளிம்பு கண்ணுக்குத் தெரியும் வேலை என்றால், முதலில் அரை மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் பிறகு ஆழம் போகலாம். கீழ்நோக்கித் தள்ளும் ரவுட்டர் பிட்டைப் பயன்படுத்தினால் விளிம்பு சுத்தமாக இருக்கும், ஆனால் சீவல் காடிக்குள்ளேயே அடைந்துகொள்ளும். அடிக்கடி நிறுத்தி உறிஞ்சி எடுக்க வேண்டும்.

ரவுட்டர் பிட்களையும் இந்த இயந்திரத்தில் பூட்டலாம். ஓரங்களில் உருவம் எடுக்கும் பிட்களுக்கு மாற்றே கிடையாது. ஆனால் தண்டின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் அங்குலத் தண்டு 6.35 மி.மீ., அரை அங்குலத் தண்டு 12.7 மி.மீ. பிரிட்ஜ்போர்ட் வகை இயந்திரங்களில் கட்டரின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் ஆர்8 காலெட் ஒவ்வொன்றும் ஒரே அளவுக்கானது; 6 மி.மீ. காலெட்டில் 6.35 தண்டை நுழைக்க முயல்வதும், 13 மி.மீ. காலெட்டில் 12.7 தண்டை இறுக்கி அது நின்றுவிடும் என்று நம்புவதும் தவறு. ஈஆர்32 காலெட் ஹோல்டர் ஒன்று வாங்கிக்கொண்டால், அதன் காலெட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் வரை சுருங்கிக் கொடுப்பதால் மில்லிமீட்டர், அங்குலம் என்ற இரண்டு முறையிலான அளவுகளையும் பிடிக்கலாம். துரப்பணத்தைப் பிடிக்கும் டிரில் சக்கில் எண்டு மில்லையோ ரவுட்டர் பிட்டையோ பூட்டி வெட்டவே கூடாது. சக் கீழ்நோக்கிய அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் அதன் கூம்புத் தண்டு கழன்று விழும்.

துளையிடுவதில் மட்டும் மில்லிங் இயந்திரத்தின் வேகம் மரத்துக்கு எந்தக் குறையும் இல்லாதது. நடுவில் முள் இருக்கும் மரத் துரப்பணங்களும், தட்டையான அடியோடு துளை போடும் ஃபோர்ஸ்ட்னர் பிட்களும் நிமிடத்துக்குச் சில நூறு முதல் இரண்டாயிரம் சுற்றுகள் வரையே கேட்பவை. வரிசையாகச் சம தூரத்தில் துளைகள் போடுவது, குச்சிகளால் இணைக்கும் பலகைகளுக்கு நேர் எதிராகத் துளைகள் அமைப்பது, நாற்காலிக் காலுக்குச் சாய்வான துளை போடுவது ஆகியவற்றை இந்த இயந்திரத்தில் ஒருமுறை செய்தவர் மறுபடியும் டிரில் ஸ்டாண்டுக்குத் திரும்ப விரும்பமாட்டார்.

பிடிப்பதும் நகர்த்துவதும்

மரத்தை எந்த நிலையிலும் கையால் பிடித்துக்கொண்டு வெட்டக்கூடாது. இயந்திரத்தின் மோட்டார் ஒன்றிரண்டு குதிரைத்திறன் கொண்டது. கட்டர் மரத்தில் கவ்விக்கொண்டால் அது நிற்காது, மரத்தைத்தான் இழுத்தெறியும். கையுறை, தொங்கும் சட்டைக் கை, கழுத்துத் துண்டு ஆகியவை இல்லாமல் நிற்க வேண்டும் என்பதை உலோக வேலை செய்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. மரத்தோடு வரும் புதியவருக்குச் சொல்ல வேண்டும்.

இரு தாடைகளால் இறுக்கும் வைஸில் பிடிப்பதானால் எஃகுத் தாடைகளுக்கும் மரத்துக்கும் நடுவே கெட்டியான மரப் பட்டைகளை வைக்க வேண்டும். இல்லையென்றால் தாடையின் தடம் மரத்தில் பதிந்துவிடும். இரும்பைப் பிடிக்கும் பழக்கத்தில் முழு பலத்தையும் போட்டு இறுக்கினால், மெல்லிய பலகை வில்லாக வளையும். வளைந்த நிலையில் அதை மட்டமாக வெட்டிவிட்டு வைஸைத் தளர்த்தினால் பலகை நிமிரும், வெட்டிய பரப்பு வளையும். பெரிய துண்டுகளுக்கு வைஸைக் கழற்றிவிட்டு, மேசையின் மீது ஒரு பிளைவுட் அல்லது எம்டிஎஃப் பலகையை டி-ஸ்லாட் போல்ட்டுகளால் கட்டி, அதன் மீது மரத்தை வைத்துக் கிளாம்ப் போடுவது மேல். வெட்டுப்பட்டாலும் பாதகமில்லாத இந்தப் பலகைக்கு மூன்று பயன்கள் உண்டு: துளை மறுபக்கம் வெளிப்படும்போது சிராய் பெயராது, கட்டர் இறங்கினாலும் மேசை தப்பிக்கும், மேசையின் எண்ணெய் மரத்தில் ஏறாது. கடைசியாகச் சொன்னது சாதாரணமாகத் தோன்றலாம். எண்ணெய் ஏறிய மரத்தில் பசை பிடிக்காது, வார்னிஷும் சரியாக உட்காராது.

வெட்டும் திசையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கட்டரின் சுழற்சியை எதிர்த்து மரம் நகர்ந்தால், பல் மெல்லிய சீவலாகத் தொடங்கித் தடிமனாக முடித்து வெளியேறும். வெளியேறும் இடத்தில் நார் தாங்கலின்றி இருந்தால் அது பெயர்ந்துகொண்டு போகும். கட்டரின் சுழற்சியோடு மரம் நகர்ந்தால், பல் மேலிருந்து இறங்கி நாரை உள்நோக்கி அழுத்தி அறுக்கும். ஓரம் சுத்தமாக வரும், ஆனால் கட்டர் மரத்தைத் தன்பக்கம் இழுக்கும். கை ரவுட்டரில் இந்த இரண்டாவது முறை ஆபத்தானது. ரவுட்டர் கையை மீறி ஓடும். மில்லிங் இயந்திரத்தில் மேசையின் எடையும் திருகுத் தண்டும் மரத்தைப் பிடித்துக்கொள்வதால், கடைசியாக எடுக்கும் அரை மில்லிமீட்டர் வெட்டை இந்த முறையில் துணிந்து எடுக்கலாம். இது மரவேலைக்கு இந்த இயந்திரம் தரும் பெரிய சலுகை. ஆனால் பழைய இயந்திரங்களில் திருகுத் தண்டுக்கும் நட்டுக்கும் இடையே ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தின் அளவுக்கு மேசை திடீரென்று குதிக்கக்கூடும். நகராத அச்சைப் பூட்டிவிட்டு, நகரும் அச்சின் பூட்டைச் சற்றே இறுக்கி உராய்வு ஏற்படுத்தினால் குதிப்பு அடங்கும். கனமான வெட்டுகளை எதிர்த் திசையிலேயே எடுக்க வேண்டும், பல் வெளியேறும் பக்கத்தில் ஒரு வேண்டாத மரத்துண்டை ஒட்டவைத்துக் கட்டினால் சிராய் அதில்தான் பெயரும்.

துளைக்குள் நாக்கு நுழையும் இணைப்பு இந்த இயந்திரத்தில் பழகத் தகுந்த முதல் வேலை. 10 மி.மீ. எண்டு மில்லால் காடியின் இரு முனைகளிலும் நேராக இறக்கித் துளை போட்டுவிட்டு, நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழமாகப் படிப்படியாக எடுத்துக்கொண்டு போகலாம். ஒவ்வொரு படிக்கும் பிறகு சீவலை உறிஞ்சி எடுக்காவிட்டால், அதே சீவலைக் கட்டர் திரும்பத் திரும்ப அரைத்துச் சூடேற்றும். காடியின் முனைகள் வட்டமாக இருக்கும். உளியால் சதுரமாக்குவதா, நாக்கின் ஓரங்களை அரத்தால் வட்டமாக்குவதா என்பது அவரவர் விருப்பம். நாக்கை வட்டமாக்குவது எளிது என்பது என் கருத்து.

நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்னும் மயக்கம்

மேசை நகர்ந்த தூரத்தைத் திரையில் காட்டும் டிஜிட்டல் அளவுகாட்டி பொருத்திய இயந்திரத்தில் மரத்தை வெட்டத் தொடங்குபவருக்கு விரைவிலேயே ஒரு மயக்கம் வரும்: 0.01 மி.மீ. துல்லியத்தில் மரச்சாமான் செய்யலாம் என்ற மயக்கம். மரம் அதை அனுமதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கியும் விட்டும் மரம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். அதிகம் அசையாத மரம் என்று பெயர் வாங்கிய தேக்கே, பச்சையிலிருந்து முற்றிலும் உலரும் வரை, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆர வாக்கில் 2.5 விழுக்காடும் சுருங்கும். கணக்குப் போட்டால், 100 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு மாறினாலே அகலம் 0.2 மி.மீ. வரை மாறக்கூடும். அளவுகாட்டியின் கடைசி இலக்கத்தைப் போல இருபது மடங்கு அது. கோடையில் வெட்டிய பலகையை ஐப்பசி மழையில் அளந்தால் வேறு எண்தான் வரும்.

அப்படியானால் துல்லியம் வீணா? இல்லை. நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. அந்தத் திசையில் வைக்கும் துளைகளின் இடைவெளி அப்படியே நிற்கும். காடியும் நாக்கும் ஒரே நாளில், ஒரே மரத்திலிருந்து வெட்டப்பட்டால் இரண்டும் சேர்ந்தே அசையும். அவற்றுக்கு இடையேயான 0.1 மி.மீ. இடைவெளி, தட்டிச் சேர்க்கும் இணைப்புக்கும் தளர்ந்த இணைப்புக்கும் உள்ள வேறுபாடு. எனவே மொத்த அளவுகளில் அரை மில்லிமீட்டரோடு திருப்தியடைந்து, ஒன்றோடொன்று பொருந்தும் அளவுகளில் மட்டும் கண்டிப்பாக இருப்பது அறிவுடைமை.

தலைப்பகுதி மேசைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதை மட்டும் மரம் என்று சொல்லி அலட்சியம் செய்யக்கூடாது. தலை சற்றுச் சாய்ந்திருந்தால், 75 மி.மீ. கட்டர் பலகையை மட்டமாக எடுக்காமல் ஆழமில்லாத வாய்க்காலாக எடுக்கும். பக்கத்துப் பக்கத்தில் போகும் வெட்டுகள் படிக்கட்டாகத் தெரியும். நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரை ஸ்பிண்டிலில் பூட்டி மேசையின் மீது ஒரு வட்டம் சுற்றிப் பார்த்துச் சரிசெய்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

பேட்டர்ன்: இரண்டு உலகங்கள் சேரும் இடம்

மரமும் மில்லிங் இயந்திரமும் இயல்பாகவே சந்திக்கும் தொழில் வார்ப்படப் பேட்டர்ன் தொழில். உருக்கிய உலோகத்தை ஊற்றுவதற்கு மணலில் ஒரு பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளத்தைப் பதிக்கும் உருவமே பேட்டர்ன். பம்ப், மோட்டார் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோயம்புத்தூரில் வார்ப்பட ஆலைகள் நிறைய உண்டு, அவற்றைச் சுற்றிப் பேட்டர்ன் பட்டறைகளும் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து வாட்கின் நிறுவனம் பேட்டர்ன் வேலைக்கென்றே மர மில்லிங் இயந்திரங்களைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. இப்போது கணினி இயந்திரங்களும் முப்பரிமாண அச்சும் இந்த வேலையில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டாலும், உடைந்த பழைய இயந்திரப் பாகம் ஒன்றுக்கு மாற்று வார்ப்பதற்கு ஒற்றைப் பேட்டர்ன் தேவைப்படும்போது, கையால் இயக்கும் மில்லிங் இயந்திரமும் ஒரு தேக்குத் துண்டுமே போதும்.

பேட்டர்னில் அளவு என்பது இறுதிப் பொருளின் அளவு அல்ல. உருகிய உலோகம் உறைந்து குளிரும்போது சுருங்கும். சாம்பல் நிற வார்ப்பிரும்பு மீட்டருக்கு ஏறத்தாழ 10 மி.மீ., அலுமினியம் 13 மி.மீ., எஃகு 20 மி.மீ. அளவில் சுருங்கும் என்பது தொழிலில் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. வார்ப்பிரும்புத் தாங்கி ஒன்றில் இரண்டு குமிழ்களின் மையங்களுக்கு இடையே 250 மி.மீ. வேண்டுமென்றால், பேட்டர்னில் 252.5 மி.மீ. வைக்க வேண்டும். பழைய பேட்டர்ன் தொழிலாளிகள் இதற்காகவே கோடுகள் சற்றே விரிந்த அளவுகோல் வைத்திருந்தார்கள். மில்லிங் இயந்திரங்களுக்கான டிஜிட்டல் அளவுகாட்டிகள் பலவற்றில் சுருக்க விகிதத்தைப் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது, 1.010 என்று பதிந்துவிட்டால், திரையில் 250 என்று தெரியும்போது மேசை 252.5 நகர்ந்திருக்கும். கணக்குப் பிழைகளுக்கு இடமே இல்லை. பிறகு கடைசல் வேலை நடக்க வேண்டிய முகங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும்.

பேட்டர்னின் பக்கங்கள் நேர் செங்குத்தாக இருந்தால், மணலிலிருந்து தூக்கும்போது மணலின் ஓரம் உடையும். அதனால் ஒன்று முதல் மூன்று பாகை வரை சரிவு வேண்டும். கையால் இழைத்து இந்தச் சரிவை நான்கு பக்கமும் சமமாகக் கொண்டுவருவது தேர்ந்த தச்சரின் வேலை. மில்லிங் இயந்திரத்தில் தலைப்பகுதியை இரண்டு பாகை சாய்த்தோ, கூம்பாகக் கடையப்பட்ட எண்டு மில்லைப் பூட்டியோ இதைப் பெறலாம். தலையைச் சாய்ப்பதைவிடக் கூம்புக் கட்டரே வசதி, ஏனென்றால் சாய்த்த தலை ஒரு பக்கத்துக்குத்தான் சரியாக இருக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் மரத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். வட்டமான குமிழ்களையும் விளிம்புகளையும் சுழலும் மேசையில் வைத்து வெட்டலாம். கிடார் கழுத்துக்கான பள்ளம், பெட்டிகளின் விரல் இணைப்பு, ஜிக் பலகைகள் என்று வேறு பல வேலைகளுக்கும் இதே அணுகுமுறைதான், விவரங்கள் மட்டும் மாறும்.

இயந்திரத்தால் ஆகாததும் உண்டு. பிரிட்ஜ்போர்ட் அளவிலான மேசை 9 அங்குல அகலமும் 42 அங்குல நீளமும் கொண்டது. முன்னும் பின்னும் அது நகரும் தூரம் 12 அங்குலம். கதவுப் பலகை, மேசைப் பரப்பு போன்றவை இதில் ஏறாது. நீண்ட பலகையை இழைப்பதற்கும், மொத்தமாக மரத்தை நீக்குவதற்கும் இழைப்பு இயந்திரமும் ரம்பமும் பல மடங்கு விரைவானவை.

தூசி

இயந்திரக்காரரின் அச்சத்துக்கு இனி வருவோம். மேசை சறுக்கும் தடங்களில் எப்போதும் எண்ணெய்ப் படலம் இருக்கும். நுண்ணிய மரத்தூள் அதில் விழுந்தால் எண்ணெயை உறிஞ்சிக் களிம்பாகிவிடும். தடத்துக்குப் போக வேண்டிய எண்ணெய் தூளுக்குள் போய்விடும். வெறும் வார்ப்பிரும்பின் மீது தங்கிய மரத்தூள் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் இரவு முழுவதும் அப்படியே விட்டால் காலையில் துரு தெரியும். டானின் என்னும் துவர்ப்புச் சத்து மிகுந்த ஓக், கருவேலம் போன்ற மரங்கள் இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறையையும் உண்டாக்கும். இந்தக் கறை இயந்திரத்துக்கு மட்டும் வருவதல்ல. மேசையில் கிடந்த இரும்புத் துகள் ஈரமான மரத்தில் பதிந்தால் மரத்திலும் வரும். ஆகவே மரத்தைக் கட்டுவதற்கு முன்பு இரும்புச் சீவல்களை முழுவதுமாக நீக்கிவிட வேண்டும்.

தடங்களையும் திருகுத் தண்டையும் துணியாலோ ரப்பர் விரிப்பாலோ மூடிவிட்டு, தூசி உறிஞ்சியின் குழாயைக் கட்டருக்கு இரண்டு அங்குலம் தள்ளிக் காந்தத்தால் நிறுத்தினால் தூளின் பெரும்பகுதி மேசையில் விழவே விழாது. மில்லிங் இயந்திரம் மெதுவாகச் சுழல்வதால் தூளைவிடச் சீவலே அதிகம் வரும் என்பது இங்கே ஒரு நன்மை. இருந்தாலும் முகக்கவசம் தேவை: மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கும் முதல் பிரிவில் மரத்தூளும் இருக்கிறது. தூசி உறிஞ்சிக்குள் மரத்தூள் இருக்கும்போது அதே குழாயால் சூடான இரும்புச் சீவலையோ சாணைப் பொறியையோ உறிஞ்சினால் உள்ளே தீப்பிடிக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

வேலை முடிந்ததும் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளும் பழக்கத்தை மரத்தோடு வைத்துக்கொள்ளவே வேண்டாம். ஊதிய தூள் தடங்களின் துடைப்பான்களுக்கு அடியில்தான் போய்ச் சேரும். முதலில் உறிஞ்சி எடுத்து, காய்ந்த தூரிகையால் மூலைகளைத் தட்டி, துணியால் துடைத்து, பிறகுதான் புதிதாக எண்ணெய் விட வேண்டும். வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் தொட்டி மூடியும் வடிகாலும் மரவேலை தொடங்கும் முன்பே அடைக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குள் விழுந்த மரத்தூள் ஊறிப் பருத்துப் பம்பின் வடிகட்டியை அடைக்கும், சில நாட்களில் நாற்றமும் எடுக்கும். அடுத்து இரும்பு வெட்ட வருபவர் கூலன்டைத் திறக்கும்போதுதான் அது தெரியவரும்.